துரோப்பீமு ஏன் குணமாகவில்லை? ஆதித் திருச்சபையில் அற்புத சுகமும் விசுவாசமும்

புதிய ஏற்பாட்டில் பலரும் நிற்காமல் தாண்டிப் போகிற வரி ஒன்று உண்டு. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் கடைசிப் பகுதி. யார் எந்த ஊரில் இருக்கிறார்கள், வரும்போது துரோவாவில் விட்டுவந்த மேலங்கியை எடுத்து வா, புத்தகங்களையும் கொண்டுவா என்று வீட்டு விஷயம் போலப் பேச்சு போகிறது. அதற்கு நடுவே, "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று பவுல் சொல்கிறார். விளக்கம் எதுவும் இல்லை. அடுத்த வரியில், குளிர்காலத்துக்கு முன்பே வந்துவிடப் பார் என்கிறார்.

இந்தத் துரோப்பீமு எபேசுக்காரர். பவுலோடு பயணம் செய்தவர். எபேசு எப்படிப்பட்ட ஊர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 19-ஆம் அதிகாரம் சொல்கிறது: பவுலின் உடம்பில் பட்ட உறுமால்களையும் கச்சைகளையும் கொண்டுபோய் நோயாளிகள்மேல் போட்டார்கள், நோய்கள் நீங்கின. கூடாரத் தொழில் செய்தவரின் துணிகள் அவை; வேர்வையும் தோல் வாசமும் ஏறியிருந்திருக்கும். எபேசிலிருந்து மிலேத்து சுமார் 50 கிலோமீட்டர்தான். துணி பட்டே ஆட்கள் எழுந்து நடந்த ஊரைச் சேர்ந்தவர், அந்தத் துணிக்குச் சொந்தக்காரரின் கூட்டாளி, பக்கத்து ஊரில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். பவுல் அவரை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது.

இந்தக் கடிதத்தைப் பவுலே எழுதினாரா, பின்னால் வந்த சீடர் ஒருவர் அவர் பெயரில் எழுதினாரா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். என்னைக் கேட்டால், பின்னால் வந்தவர் எழுதியிருந்தால் விஷயம் இன்னும் சுவாரசியம். அற்புதங்கள் செய்த அப்போஸ்தலரின் பெயரில் எழுதும்போது, "கூட இருந்தவர் குணமாகவில்லை" என்று எழுத அவருக்குக் கூச்சமே வரவில்லை என்று ஆகிறதே. துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று யாரும் அங்கே சொல்லவும் இல்லை.

ஆதித் திருச்சபையில் சுகமும் விசுவாசமும் எப்படிச் சேர்ந்திருந்தன என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. ஆதித் திருச்சபை என்று இங்கே சொல்வது, அப்போஸ்தலர் காலத்திலிருந்து ஏறத்தாழ முதல் நான்கு நூற்றாண்டுகள்.

முதலில் சொற்களைப் பார்த்துவிடலாம். நாம் 'விசுவாசம்' என்று சொல்வதற்குக் கிரேக்கத்தில் 'பிஸ்டிஸ்'. ஒரு விஷயம் நடக்கும் என்று மனசுக்குள் அழுத்தி அழுத்தி நினைத்துக்கொள்வதல்ல அது. ஒருவரை நம்பிச் சார்ந்திருப்பது, வாக்கு மாறாமல் இருப்பது, கொடுக்கல் வாங்கலில் 'நாணயமான ஆள்' என்று சொல்கிறோமே அந்த நாணயம், எல்லாம் அந்தச் சொல்லுக்குள் உண்டு. ஆகவே அதில் எப்போதும் எதிரே இன்னொருவர் இருக்கிறார். எவ்வளவு நம்புகிறாய் என்பதற்கு முன்னால், யாரை நம்புகிறாய் என்ற கேள்வி வந்துவிடும்.

இன்னொரு சொல் 'சோட்ஸோ'. காப்பாற்றுவது, பிழைக்கவைப்பது, குணமாக்குவது எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்தான். பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கால் அவதிப்பட்ட பெண் இயேசுவின் உடையைத் தொட்ட கதையில், நம் பழைய தமிழ் வேதாகமம் "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்கிறது. பிற்காலத்துத் திருவிவிலியத்தில் அதே இடத்தில் குணமாவதைச் சொல்லும் சொல் வரும். இரண்டும் சரியே. மூலத்தில் ஒரே சொல்லாக இருந்ததைத் தமிழ் இரண்டாகப் பிரித்துக்கொண்டது. அந்தக் காலத்து ஆள் காதில் உடம்பு தேறுவதும் ஆத்துமா மீள்வதும் ஒன்றையொன்று தொட்டபடியே விழுந்திருக்கும்.

அடுத்து, சுற்றியிருந்த உலகம். நோயைத் தீர்க்கும் தெய்வம் என்பது கிறிஸ்தவர்கள் புதிதாகக் கொண்டுவந்த எண்ணம் அல்ல. கிரேக்க நாட்டில் எபிடாரஸ் என்ற ஊரில் அஸ்க்லேப்பியஸ் என்ற மருத்துவத் தெய்வத்துக்குப் பெரிய கோயில் இருந்தது. நோயாளிகள் இரவு அங்கே போய்ப் படுப்பார்கள். தெய்வம் கனவில் வந்து குணமாக்கும். குணமான கதைகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். கிமு 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டுகளில் சுமார் 70 கதைகள் கிடைத்திருக்கின்றன. பவுல் ஒன்றரை வருஷம் தங்கியிருந்த கொரிந்துவிலும் இந்தத் தெய்வத்துக்குக் கோயில் உண்டு. அங்கே தோண்டியபோது சுடுமண்ணால் செய்த கை, கால், காது, கண் என்று குவியலாகக் கிடைத்தன. பவுலின் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவை. கண்மலர் சாத்தும் வழக்கத்தைப் பார்த்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்த எபிடாரஸ் கதைகளில் இரண்டு எனக்குப் பிடித்தவை. ஒருவனுக்கு ஒரு விரலைத் தவிர மற்ற விரல்கள் எல்லாம் மடங்காது. கோயிலுக்கு வந்து, கல்லில் இருப்பதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறான். ஆனாலும் அன்றிரவு தெய்வம் அவனைக் குணமாக்கிவிட்டு, "இனி உன் பெயர் 'நம்பாதவன்'" என்று சொல்லி அனுப்புகிறது. இன்னொருத்தி ஏதென்ஸ் நகரத்து அம்புரோசியா, ஒரு கண் தெரியாதவள். நொண்டியும் குருடும் கனவு கண்டே தேறுவார்களா என்று கேலி செய்தவள். அவளும் குணமானாள். ஆனால் கட்டணம் உண்டு: தன் அறியாமையின் ஞாபகமாக வெள்ளியில் ஒரு பன்றி செய்து கோயிலுக்குக் கொடுக்க வேண்டும்.

சரி, இந்தப் பின்னணியோடு எருசலேம் தேவாலயத்தின் அலங்கார வாசலுக்கு வருவோம். பிற்பகல் ஜெப நேரம். பிறவியிலேயே நடக்க முடியாத ஒருவர். நாற்பது வயதைத் தாண்டியவர் என்று அடுத்த அதிகாரத்தில் தெரிகிறது. தினமும் யாரோ தூக்கிவந்து அந்த வாசலில் வைப்பார்கள், உள்ளே போகிறவர்களிடம் பிச்சை கேட்பார். பேதுருவும் யோவானும் வருகிறார்கள். "எங்களைப் பார்" என்கிறார் பேதுரு. அந்த ஆள் பார்க்கிறார், எதற்காக? ஏதாவது காசு கிடைக்கும் என்று. அப்போஸ்தலர் நடபடிகளை எழுதிய லூக்கா இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். "வெள்ளியும் பொன்னும் என்னிடத்திலில்லை" என்று சொல்லிவிட்டு, இயேசு கிறிஸ்துவின் நாமத்தினாலே எழுந்து நட என்று பேதுரு அவருடைய வலது கையைப் பிடித்துத் தூக்குகிறார். பாதமும் கணுக்காலும் பலப்படுகின்றன. அவர் குதித்து எழுந்து, நடந்து, துதித்துக்கொண்டு அவர்களோடு ஆலயத்துக்குள் போகிறார்.

கூட்டம் கூடிவிட்டது. பேதுரு முதலில் செய்வது ஒரு மறுப்பு: எங்கள் சக்தியாலோ எங்கள் பக்தியாலோ இவனை நடக்க வைத்தோம் என்பது போல ஏன் எங்களையே பார்க்கிறீர்கள்? அப்புறம்தான், இயேசுவின் நாமத்தைப் பற்றும் விசுவாசமே இவனைப் பலப்படுத்தியது என்கிறார். யாருடைய விசுவாசம்? காசு எதிர்பார்த்துக் கையை நீட்டியவருடையதா, கையைப் பிடித்துத் தூக்கியவருடையதா? பேதுரு பிரித்துச் சொல்லவில்லை.

புதிய ஏற்பாட்டைப் புரட்டிப் பார்த்தால் விசுவாசம் ஒவ்வொரு கதையிலும் ஒவ்வொருவரிடம் இருக்கும். லீஸ்திராவில், கேட்டுக்கொண்டிருந்த ஊனமுற்றவரிடம் சுகம் பெறுவதற்கு ஏற்ற விசுவாசம் இருக்கிறது என்று பவுல் கண்டுகொள்கிறார்; அங்கே அது நோயாளியுடையது. கப்பர்நகூமில் கூரையைப் பிரித்து ஒரு திமிர்வாதக்காரனை இறக்குகிறார்கள். "அவர்கள்" விசுவாசத்தை இயேசு பார்த்தார் என்று இருக்கிறது. சுமந்து வந்த நாலு பேரையும் சேர்த்துத்தான் அந்த "அவர்கள்". யோப்பாவில் தொற்காள் செத்தே போய்விட்டார். அவர் தைத்துக் கொடுத்த துணிகளைக் காட்டி விதவைகள் அழுகிறார்கள். பேதுரு ஜெபித்து அவரை உயிரோடு எழுப்புகிறார். செத்தவரிடம் விசுவாசத்தை எதிர்பார்க்க முடியாதே. மகனுக்காக வந்த ஒரு தகப்பன், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும் என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறான். அவன் பையனும் குணமானான்.

எதிர்ப்பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சொந்த ஊரான நாசரேத்தில் இயேசு சில நோயாளிகளைத் தவிர வேறு அற்புதம் செய்ய முடியவில்லை, அவர்களுடைய அவிசுவாசத்தைக் கண்டு ஆச்சரியப்பட்டார் என்று மாற்கு எழுதுகிறார். மத்தேயு இதை 'அநேக அற்புதங்களைச் செய்யவில்லை' என்று கொஞ்சம் தணித்து எழுதுகிறார். ஆக விசுவாசம் பொருட்டே இல்லை என்று சொல்லவும் வழியில்லை. ஆனால் நாசரேத் கதையில் பழி ஒரு நோயாளியின் தலையில் விழவில்லை. இவன் தச்சன் அல்லவா என்று இளக்காரமாகப் பேசிய ஊரின்மேல்தான் விழுகிறது.

சபைக்குள் நடைமுறை எப்படி இருந்தது என்று யாக்கோபின் கடிதம் காட்டுகிறது. ஒருவன் வியாதிப்பட்டால் சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக. அவர்கள் ஆண்டவரின் நாமத்தில் எண்ணெய் பூசி ஜெபம் செய்யட்டும். விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியைக் குணப்படுத்தும். ஜெபம் செய்பவர்கள் மூப்பர்கள். அப்படியானால் அந்த விசுவாசமும் முதலில் அவர்களுடையதுதான். படுத்திருப்பவரின் வேலை ஆள் அனுப்புவது மட்டும். காய்ச்சலில் கிடப்பவரால் தலையையே தூக்க முடியாது என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. எண்ணெய் என்பது ஒலிவ எண்ணெய். அன்றைக்கு வீட்டு வைத்தியமும் அதுதான், நல்ல சமாரியன் காயத்தில் ஊற்றியதும் அதுதான். யாக்கோபு அதை மருந்தாகச் சொன்னாரா அடையாளமாகச் சொன்னாரா என்று இன்றுவரை விவாதம் உண்டு. அவர்களுக்கு அந்தப் பிரிவினை நம் அளவுக்கு இருந்திருக்காது என்பது என் ஊகம்.

காசும் மந்திரமும் இதில் சேரக்கூடாது என்பதில் ஆரம்பத்திலேயே கறாராக இருந்தார்கள். சமாரியாவில் சீமோன் என்ற மாயவித்தைக்காரன் அப்போஸ்தலர்களின் வல்லமையைப் பணம் கொடுத்து வாங்கப் பார்த்தான். உன் பணம் உன்னோடே நாசமாய்ப் போகட்டும் என்றார் பேதுரு. எபேசில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஸ்கேவா என்பவரின் ஏழு பிள்ளைகள் ஊர் ஊராகப் பேய் ஓட்டுகிறவர்கள். "பவுல் பிரசங்கிக்கிற இயேசுவின் பெயரால்" என்று அவர்களும் சொல்லிப் பார்த்தார்கள். இயேசுவை எனக்குத் தெரியும், பவுலையும் தெரியும், நீங்கள் யார் என்று கேட்டுவிட்டுப் பேய் பிடித்தவன் அவர்கள்மேல் பாய்ந்தான். காயத்தோடு துணியில்லாமல் வீட்டைவிட்டு ஓடினார்கள். பெயர் மந்திரச் சொல் அல்ல என்பதை லூக்கா இப்படிச் சிரிக்க வைத்துச் சொல்லிவிடுகிறார். அதற்குப் பின் அந்த ஊரார் எரித்த மந்திரப் புத்தகங்களின் மதிப்பு 50,000 வெள்ளிக்காசு.

குணமாகாதவர்கள் துரோப்பீமு மட்டும் அல்ல. எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாக வியாதிப்பட்டார் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதுகிறார். பிழைத்தார், ஆனால் பவுல் அதை அற்புதம் என்று விவரிக்கவில்லை, தேவன் இரங்கினார் என்று மட்டும் சொல்கிறார். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு. தண்ணீர் மட்டும் குடிக்காமல் கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கொள் என்று ஆலோசனை. வைத்தியம்தான், வேறென்ன. பவுலோடு இருந்த லூக்காவே வைத்தியர். பவுலுக்கும் "மாம்சத்திலே ஒரு முள்" இருந்தது. கண் நோயா, மலேரியாவா, எதிரிகளா என்று எழுதாத ஆளில்லை. அது நீங்கும்படி மூன்று முறை வேண்டினார். கிடைத்த பதில், "என் கிருபை உனக்குப்போதும்". கொரிந்தியருக்கு வரங்களைப் பட்டியலிடும்போது, எல்லாருக்கும் குணமாக்கும் வரங்கள் உண்டா என்று கேட்கிறார். இல்லை என்பதுதான் அந்தக் கேள்வி எதிர்பார்க்கும் பதில்.

அப்போஸ்தலர் காலத்தோடு இது நின்றுவிட்டதா? அடுத்து வந்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. சுமார் 180-இல் லியோன் நகரத்து ஆயர் இரேனியுஸ், கைகளை வைத்து நோயாளிகளைச் சுகமாக்குகிறவர்கள் தங்கள் நடுவில் இருப்பதாக எழுதுகிறார். அவர் அழுத்திச் சொல்வது கூலி வாங்குவதில்லை என்பதை: இலவசமாகப் பெற்றோம், இலவசமாகக் கொடுக்கிறோம். அம்புரோசியாவின் வெள்ளிப் பன்றியை நினைத்துக்கொண்டால் இந்த வரியின் கூர்மை தெரியும். 212-இல் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் ஆப்பிரிக்க ஆளுநருக்கு எழுதிய கடிதத்தில், செத்திமியுஸ் செவேருஸ் பேரரசரையே புரோக்குலுஸ் என்ற கிறிஸ்தவர் எண்ணெய் பூசிக் குணமாக்கினார், நன்றிக்காகப் பேரரசர் அவரைச் சாகும்வரை அரண்மனையில் வைத்துக்கொண்டார் என்கிறார். கிறிஸ்தவர்களை ஏன் துன்புறுத்துகிறீர்கள் என்று வாதாடும் கடிதம் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

செல்சஸ் என்ற எதிர்ப்பாளர், எங்கள் அஸ்க்லேப்பியஸும்தான் எத்தனையோ பேரைக் குணமாக்குகிறார் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 248-ஐ ஒட்டி அதற்குப் பதில் எழுதிய கிறிஸ்தவ அறிஞர் ஓரிஜன், அங்கே யாரும் குணமாகவே இல்லை என்று அடித்துச் சொல்வதில்லை. குணமாக்கும் சக்தி இருப்பதாலேயே ஒருவர் நல்லவர் என்றோ கடவுள் என்றோ ஆகிவிடாது. கெட்டவனும் வைத்தியத்தில் கெட்டிக்காரனாக இருக்கலாம் என்பது அவர் வாதத்தின் சாரம்.

அந்தக் காலத்தை ஒட்டிய ஒரு சபை ஒழுங்கு நூல், 'அப்போஸ்தல மரபு' என்பது அதன் பெயர். யாராவது வந்து எனக்குக் குணமாக்கும் வரம் வெளிப்பாட்டில் கிடைத்தது என்று சொன்னால், அவர்மேல் கைவைத்துப் பொறுப்பு எதுவும் கொடுக்க வேண்டாம். உண்மையா இல்லையா என்பது நடப்பதைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அதில் ஒரு விதி. வரம் உள்ளவரை மறுக்கவும் இல்லை, மேடை போட்டுக் கொடுக்கவும் இல்லை.

அடுத்து வந்தது பெரிய சோதனை. 249-ஐ ஒட்டிக் கொள்ளைநோய் ரோமப் பேரரசு முழுக்கப் பரவியது. கார்த்தேஜ் நகர ஆயர் சிப்பிரியானிடம் சபையார் கேட்ட கேள்வி இது: இந்த நோய் அவர்களையும் நம்மையும் ஒரே மாதிரி தாக்குகிறதே, ஏன்? கும்பிடாதவனுக்கும் காய்ச்சல், ஜெபிக்கிறவனுக்கும் காய்ச்சல் என்றால் என்ன பிரயோஜனம்? சிப்பிரியான் பதிலைச் சுற்றி வளைக்கவில்லை. இந்த உலகத்தில் இருக்கும்வரை உடம்பு எல்லாருக்கும் பொது. பஞ்சம் வந்தால் எல்லாருக்கும் பஞ்சம், கப்பல் பாறையில் மோதினால் அதில் இருக்கும் எல்லாரும் முழுகுவார்கள் என்றார். அலெக்சாந்திரியாவில் ஆயர் தியோனீசியுஸ், தன் மக்கள் நோயாளிகளை விட்டு ஓடாமல் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு, அதே நோயில் செத்ததையும் எழுதுகிறார். தன் ஆட்களைப் பற்றித் தானே சொல்கிறார். அந்த அளவுக்குத் தள்ளுபடி செய்துகொள்ளலாம். ஆனாலும் கவனியுங்கள், அங்கே அவர் பெருமையாகச் சொல்வது எத்தனை பேர் குணமானார்கள் என்பதை அல்ல.

370-களில் செசரியா ஆயர் பசிலியு ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கும் குஷ்டரோகிகளுக்கும் ஏழைகளுக்குமாக ஒரு பெரிய இல்லம் கட்டினார், வைத்தியர்களோடு. அதே பசிலியு துறவிகளுக்கு எழுதியதில், மருத்துவம் கடவுள் கொடுத்தது, அதை ஒதுக்க வேண்டாம், ஆனால் முழு நம்பிக்கையையும் அதிலேயே வைத்துவிடவும் வேண்டாம் என்கிறார். ஜெபமா மருந்தா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இன்றைய சண்டை அவருக்குப் புரிந்திருக்காது.

கடைசியாக, வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்து ஆயர் அகுஸ்தீன். 390-ஐ ஒட்டி அவர், அப்போஸ்தலர் காலத்து அற்புதங்கள் நம் காலம்வரை தொடரவில்லை என்று எழுதினார். வயதான பிறகு, அதைத் திருத்திக்கொண்டார். முதல் இரத்தசாட்சி ஸ்தேவானின் திருப்பண்டம், அதாவது அவருடைய உடலின் எச்சம், ஹிப்போவுக்கு வந்த பிறகு, குணமானவர்கள் சொன்னதை எழுதி வாங்கிச் சபையில் வாசிக்க ஏற்பாடு செய்தார். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அந்த ஒரு ஊரில் மட்டும் ஏறத்தாழ 70 எழுத்துகள் சேர்ந்தன. எபிடாரஸ் கல்வெட்டுக் கதைகளும் சுமார் 70 என்பது தற்செயல்தான், ஆனால் எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும்.

அவற்றில் ஒன்று கப்பதோக்கியாவிலிருந்து வந்த பவுல், பல்லாதியா என்ற அண்ணன் தங்கை. உடன்பிறந்தவர்கள் மொத்தம் பத்துப் பேர். தாயின் சாபத்தால் பத்துப் பேருக்கும் கைகால் உதறும் நோய் வந்து, ஊரில் முகம் காட்ட முடியாமல் ஆளுக்கொரு திசையில் அலைந்தார்களாம். இந்த இருவரும் ஈஸ்டருக்குச் சுமார் 15 நாள் முன்னால் ஹிப்போவுக்கு வந்தார்கள். இரண்டு பேரும் தினமும் கோயிலுக்கு வந்தார்கள், இரண்டு பேரும் ஜெபித்தார்கள். ஈஸ்டர் காலையில், சன்னிதிக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த அண்ணன் திடீரென்று விழுந்து, தூங்குகிறவன் போலக் கிடந்து, நடுக்கம் நின்று எழுந்தார். தங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாம் நாள் அவர்களுடைய எழுத்து சபையில் வாசிக்கப்பட்டது. வாசிக்கும்போது இருவரையும் எல்லாரும் பார்க்கும்படி படியில் நிற்கவைத்தார் அகுஸ்தீன். அண்ணன் அசையாமல் நிற்கிறார். பக்கத்தில் தங்கை உடம்பெல்லாம் நடுங்க நிற்கிறாள். ஒரே தாய், ஒரே சாபம், ஒரே சன்னிதி, 15 நாளும் ஒரே ஜெபம். அவனிடம் இருந்தது உன்னிடம் இல்லையா என்று அந்தப் பெண்ணை யாரும் கேட்டதாக இல்லை. கடவுள் இரங்கியதை ஜனங்கள் அண்ணனிடம் பார்த்தார்கள், இன்னும் எதற்காக வேண்ட வேண்டும் என்பதைத் தங்கையிடம் பார்த்தார்கள் என்றே அகுஸ்தீன் எழுதுகிறார். வாசித்து முடிந்ததும் இருவரையும் அனுப்பிவிட்டுப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பல்லாதியா மறுபடியும் சன்னிதிக்குப் போய்க் கம்பியைப் பிடித்தாள். பிரசங்கம் பாதியில் இருக்கும்போதே அந்தப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. அன்றைய பிரசங்கம் இன்றும் நம்மிடம் இருக்கிறது; அது அந்த இடத்திலேயே அறுந்து நிற்கிறது.